மாலைக்காகக் கட்டிய கயிறு

தொழிற்சாலைப் பாதுகாப்பில் நான் வாங்கிய டிப்ளமா இப்போது என் மேஜையின் கீழ் டிராயரில், மின்சாரக் கட்டண ரசீதுகளுக்கு அடியில் கிடக்கிறது. முதல் வகுப்பு, விபத்து ஆய்வறிக்கைக்குத் தனிப் பாராட்டு என்று அதில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். வேலையில் இருந்த காலமெல்லாம் அது என் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. ஓய்வுபெற்ற அன்று சட்டத்தை ஆபீசிலேயே விட்டுவிட்டேன், அது கம்பெனியின் சொத்து. காகிதம் மட்டும் என்னுடையது. இந்த மாதிரி விஷயங்களில் நான் எப்போதும் சரியாக நடந்துகொள்பவன்.

எழுபதுகளின் கடைசிப் பகுதி. வீடு திருவனந்தபுரம் வலியசாலையில், வேலை கரமனை ஆற்றைத் தாண்டி. ஹவாய்ச் செருப்புக்கான ரப்பர் தகடு செய்யும் தொழிற்சாலை. அங்கே நான் ஷிப்ட் சூப்பர்வைசர். பெரிய தொழிற்சாலைகள் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டத்தில் திருத்தம் வந்திருந்தது. எங்களுடையது அவ்வளவு பெரியதில்லை. ஆனால் முதலாளி இன்னொரு ஷெட் கட்ட அனுமதி கேட்டிருந்தார். பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இருந்தால் விண்ணப்பம் பார்க்க லட்சணமாக இருக்கும்.

மானேஜர் என்னைக் கூப்பிட்டார். மலையாளி, பிராமணன் என்பதால் என்னைச் சாமி என்பார், என்னிடம் பேசும்போது பாதி தமிழாக்கிப் பேசுவார்.

"சாமி படிச்சு ஒரு சர்ட்டிபிகேட் எடுக்கணும். பின்னே சாமிக்கு ஒரு தனி முறி, ஒரு பேன், ஒரு போன்."

அந்த முறி, அதாவது தனி அறை, மாடிப்படிக்குப் பக்கத்தில் காலியாக இருந்தது. அன்று சாயங்காலமே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஜன்னலிலிருந்து கேட்டும் ரோட்டுக்கு அப்பால் தென்னந்தோப்பும் தெரிந்தன.

வகுப்பு சனிக்கிழமை மதியமும் ஞாயிற்றுக்கிழமையும். ஒரு வருஷம். பாடம் நடத்தியவர் ஓய்வுபெற்ற தொழிற்சாலை ஆய்வாளர் ஒருவர். குடையை மேஜைமேல் படுக்கவைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். முதல் வகுப்பிலேயே அவர் சொன்னது எனக்கு இன்னும் வரி மாறாமல் நினைவிருக்கிறது.

"விபத்து நடந்தா 'ஏன்' னு கேளுங்க. பதில் வந்தா அதுக்கும் 'ஏன்' னு கேளுங்க. கேள்வி நாற்காலியில உட்கார்ந்திருக்கிற ஒருத்தன்கிட்ட போய் நிக்கற வரைக்கும் நிறுத்தாதீங்க. நின்னுண்டு வேலை செய்யறவன்கிட்டயே முடிஞ்சுபோச்சுன்னா நீங்க விசாரிக்கலைன்னு அர்த்தம்."

நோட்டில் எழுதி அடிக்கோடிட்டேன். பரீட்சையில் வரக்கூடும் என்று தோன்றியது.

பரீட்சை எனக்குப் பொருட்டில்லை. சட்டப் பிரிவுகளை எண்ணோடு ஒப்பிப்பேன். இக்கட்டு வேறு இடத்தில் இருந்தது. ஒவ்வொருவரும் தன் தொழிற்சாலையில் நடந்த ஒரு விபத்தை நேரில் விசாரித்து அறிக்கை கொடுக்க வேண்டும். சாதாரணக் காயம் ஆகாது, ஆள் பல நாள் வேலைக்கு வர முடியாமல் போன விபத்தாக இருக்க வேண்டும். அந்த வருஷம் பார்த்து எங்களிடம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து வந்த சகமாணவனுக்குச் சூளைக்கூரை இடிந்து விழுந்திருந்தது. மரமில்லிலிருந்து வந்தவனுக்கு ஒன்றுக்கு இரண்டு கிடைத்தன, எதை எழுதுவது என்று எங்களிடமே யோசனை கேட்டான். நான் முதலுதவிப் பெட்டியின் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஆணி குத்தியது, கண்ணில் தூசி, தலைவலி.

வீட்டில் மனைவி கேட்டாள். "இன்னும் ரிப்போர்ட் எழுத ஆரம்பிக்கலையா?"

"எழுத ஒண்ணும் நடக்கலையே."

"ஏன்னா, நல்லதுதானே அது?"

ஒரு விபத்துக்காக நான் காத்துக்கொண்டிருந்தேன் என்பதை இப்படி வெறும் வாக்கியமாக எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் தொழிற்சாலையின் முக்கிய மெஷின் ரப்பர் மில். கரும்புச்சாறு பிழியும் மெஷினைப் பத்து மடங்கு பெரிதாக நினைத்துக்கொண்டால் போதும். இரண்டு இரும்பு உருளைகள் ஒன்றை நோக்கி ஒன்று சுழலும். மேலே போட்ட ரப்பர் நடுவிலுள்ள இடுக்கில் புகுந்து தகடாகக் கீழே வரும். முன்னால் நிற்கும் மில்காரர் அதை ஒரு குட்டைக் கத்தியால் கீறி, மடித்து, திரும்பவும் மேலே தள்ளுவார். நாள் முழுக்க இதே வேலை, கை எப்போதும் இடுக்குக்குப் பக்கத்தில். அதனால் தலைமட்டத்தில் குறுக்காக ஒரு கயிறு ஓடும். ஒரு கை மாட்டினால் மறு கையால் அதைப் பிடித்து இழுக்க வேண்டும், உருளை உடனே நின்றுவிடும். அதற்கு இங்கிலீஷில் நீளமான பெயர் உண்டு. மில்காரர்கள் வெறுமே கயிறு என்பார்கள்.

நான் எழுதுவது ஒரு மில்காரரைப் பற்றி. நாகர்கோவிலுக்குத் தெற்கே ஒரு கிராமம். கட்டட வேலைக்கு என்று திருவனந்தபுரம் வந்து, சிமென்ட் சுமந்து, எங்கள் ஷெட்டுக்குத் தரை போட வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். தமிழ் பேச ஆள் கிடைத்ததே என்று நான்தான் சிபாரிசு செய்தேன். விரலால் தடவிப் பார்த்தே தகட்டின் கனத்தைச் சொல்லிவிடுவார், அளவுகோல் அவர் சொன்னதை உறுதிசெய்யும். வேலை நிரந்தரமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அந்த தைரியத்தில்தான் மூத்த பெண்ணை நாகர்கோவிலில் ஹைஸ்கூலில் சேர்த்திருந்தார். இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு நேரில் 'நீ' தான்.

எங்கள் ஊரில் நவராத்திரி அஷ்டமி சாயங்காலம் பூஜை வைத்தால், விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை எந்தக் கருவியையும் தொடக்கூடாது. புத்தகமோ, பேனாவோ, ரப்பர் மில்லோ, சட்டம் ஒன்றுதான். பூஜை எடுத்தபின் ஒவ்வொருவனும் தன் தொழிலைக் கொஞ்சமாவது செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். குழந்தை அரிசியில் எழுதும், கணக்கர் ஒரு வரி எழுதுவார், மில்காரர் ஒரு துண்டு ரப்பர் ஓட்டுவார். அதன்பின் அவல், பழம், விடுமுறை.

தொழிற்சாலையில் இந்தப் பூஜை செய்வது நான். அக்ரஹாரத்திலிருந்து வருகிறவனுக்கு மந்திரம் தெரியும் என்பது அங்கே எல்லோருடைய நம்பிக்கை. எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், ஆனால் தயங்காமல் சொல்வேன். தயங்காமல் சொல்கிறவனைப் பாதியில் நிறுத்தி யாரும் பொருள் கேட்பதில்லை. இதை நான் பிற்காலத்தில் வேறு இடங்களிலும் பயன்படுத்திக்கொண்டேன்.

முந்தைய வருஷம் ஒரு சங்கடம் நடந்திருந்தது. மில்லுக்கு வாங்கிய பெரிய செவ்வந்தி மாலையைக் கயிற்றின்மேலேயே போட்டுவிட்டார்கள். கனத்தில் கயிறு தொய்ந்து, சரியாக நல்ல நேரத்தில் மெஷின் இரண்டு தடவை நின்றுபோயிற்று. முதலாளி முகம் சுருங்கியது. அப்புறம் அந்த வருஷம் கைநழுவிய ஒவ்வொரு ஆர்டருக்கும் அந்த மாலையே காரணம் ஆயிற்று. "இத்தவண அது பாடில்ல சாமி" என்று, அதாவது இந்தத் தடவை அப்படி ஆகக்கூடாது என்று, மானேஜர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அஷ்டமி சாயங்காலம் நான் வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து எடுத்துக்கொண்டேன். கயிற்றின் இரண்டு கோடியையும் இழுத்து மில்லின் இரும்புத் தூண்களோடு சேர்த்துக் கட்டினேன். ஒவ்வொரு பக்கமும் இரண்டு முடிச்சு. பூஜைக் காரியம் என்பதால் வேறு யாரும் கை வைக்கவில்லை. மில்காரர் மாலையைத் தட்டில் ஏந்திக்கொண்டு நின்றார்.

"சாமி, இப்படி கட்டினா கயிறு எளகாதே."

"எளகக் கூடாதுன்னுதானே கட்டறது."

"இல்ல, ஓட்டும்போ..."

"அஞ்சு நிமிஷம் ஓட்டப்போறே. ஒரு துண்டு ரப்பர். உடனே அவுத்துடலாம்."

"சரி. சாமி சொன்னா சரிதான்" என்று மாலையை நீட்டினார்.

பாதுகாப்புச் சாதனத்தைத் தற்காலிகமாகக்கூட முடக்கலாகாது என்ற பாடத்தை அதற்கு முந்தைய மாதம்தான் எழுதிப் பார்த்திருந்தேன். எனக்கு அது நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. பூஜைக்குப் பொருந்தாது என்று ஒதுக்கினேன்.

விஜயதசமி காலை எல்லோரும் குளித்துவிட்டு வெள்ளை வேட்டியில் வந்திருந்தார்கள். பூஜை எடுத்தேன். கற்பூரம் காட்டினேன். எலுமிச்சம்பழத்தை நசுக்கினார்கள். மில்காரர் பூஜையில் வைத்திருந்த தன் கத்தியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மெஷின்முன் போய் நின்றார். கூட வேலை செய்கிறவர் சுவரிலுள்ள சுவிட்சைப் போட்டார். உருளைகள் சுற்றின, ரப்பர் துண்டு இடுக்கில் இறங்கியது. கயிறு தொய்யவில்லை, மெஷின் நிற்கவில்லை. முதலாளி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

மாலையின் ஒரு முனை அவிழ்ந்து கீழே தொங்கியது. ஒரு செவ்வந்திப்பூ உருளையைத் தொட்டது. மறு நொடியே மாலையை இடுக்கு இழுக்க ஆரம்பித்தது. சாமிக்குப் போட்ட மாலை மெஷினில் அரைபடப் போகிறது. யோசித்துச் செய்கிற காரியமில்லை அது. அவர் கத்தியைப் பக்கத்துத் தட்டில் போட்டுவிட்டு வலதுகையால் மாலையைப் பற்றினார். மாலையோடு கையும் போயிற்று. இடதுகை மேலே தாவிக் கயிற்றைப் பிடித்தது. இழுத்தார். தொங்கினார். கயிறு அசையவில்லை.

சுவிட்சைப் போட்டவர் ஓடிப் போய் நிறுத்தினார். நான்கு விரல்கள் போயின. கட்டைவிரல் தப்பியது.

அவரைக் கைத்தாங்கலாக வாசலுக்குக் கொண்டுபோய் ரப்பர் மூட்டையில் சாய்த்து உட்காரவைத்து, கையைத் துண்டால் சுற்றினார்கள். ஜீப்புக்கு ஆள் ஓடியது. முதலாளி ஆபீசுக்குள் போய்விட்டார், மற்றவர்கள் வாசலில் கூடி நின்றார்கள். மில்லுக்கு முன்னால் நான் தனியாக இருந்தேன். விபத்து நடந்த இடத்தில் எதையும் மாற்றக்கூடாது, தொடக்கூடாது என்பது விசாரணையின் முதல் விதி. தட்டில் கிடந்த அவருடைய கத்தியை எடுத்தேன். நான்கு முடிச்சையும் அறுத்தேன். நாரைச் சட்டைப் பையில் திணித்தேன். கத்தியும் எப்படியோ என் கையோடு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். வாசலில் அவர் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார்.

மறுநாள் மனைவி துவைக்க எடுத்த சட்டையோடு வந்தாள்.

"இதென்ன, பாக்கெட்ல வாழைநார்?"

"பூஜையில கட்டினது."

"அதைப் போய் இப்படிக் கசக்கி வெச்சிருக்கேளே. கால்பட்டுடப் போறது."

நார் முழுவதையும் ஒன்று விடாமல் பொறுக்கித் துளசிமாடத்தின் அடியில் போட்டாள். சில நாள் அது அங்கே காய்ந்துகொண்டிருந்தது. நான் பின்வாசல் வழியாகப் போய்வந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு வாக்குமூலம் வாங்கப் போனேன். காயம்பட்டவரின் வாக்குமூலத்தைத் தாமதமின்றிப் பெறவேண்டும் என்பது விதி. கையில் பெரிய கட்டு. அவர் முதலில் கேட்டது கையைப் பற்றி இல்லை.

"வேல போயிருமா சாமி?"

"போகாது. நான் பாத்துக்கறேன்."

"ஸ்டோர்ல ஒரு ஸ்டூல் போட்டாப் போதும். இடதுகையால எழுதிப் பழகிக்கிடுவேன்."

"பாத்துக்கறேன்னு சொன்னேனே. என்ன நடந்தது, சொல்லு."

"கயிற இழுத்தேன் சாமி. வரல்ல. நாரு கெட்டியிருந்துதுல்லா."

நான் பேனாவை மூடினேன். திரும்பத் திறந்தேன். "நார் அப்பவே அவுந்து கிடந்தது. நீ மெஷினை ஓட்டறதுக்கு முன்னாடியே. ஈரம் காஞ்சா நார் நழுவிடும். நான் பார்த்தேன். கயிறு சரியாத்தான் இருந்தது. நீ இழுத்தது பத்தலை."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்தார்கள், வாசனை வந்தது.

"அப்படியா சாமி" என்றார்.

நான் இங்கிலீஷில் எழுதினேன். கயிற்றை இழுத்ததாக நினைக்கிறார், ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இடதுகைப் பெருவிரலில் மை தடவினேன்.

"என்ன எழுதியிருக்கு?"

"நீ சொன்னதுதான்."

அறிக்கையை இரண்டு வாரத்தில் முடித்தேன். நான் எழுதியதிலேயே அதுதான் நல்ல உரைநடை. வரைபடம், அளவுகள், உருளையின் வேகம், கயிற்றைச் சோதித்த முடிவு எல்லாம் இருந்தன. சோதனையில் கயிறு ஒவ்வொரு தடவையும் மெஷினை நிறுத்தியது. நிறுத்தாமல் என்ன செய்யும். முடிவு: சாதனத்தில் குறையில்லை, தொழிலாளி உரிய கவனமின்றி இயங்கும் உருளைக்கருகே கையைக் கொண்டுபோனார், தடுப்புக் கயிற்றை உரிய நேரத்தில் பயன்படுத்தவில்லை. ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போய், நின்றுகொண்டு வேலை செய்கிறவரிடம் வந்ததும் நிறுத்தினேன்.

வாய்மொழித் தேர்வில் எங்கள் ஆசிரியரே இருந்தார். அறிக்கையை முழுக்கப் படித்திருந்தார், ஓரங்களில் பென்சில் குறிகள். குடை மேஜைமேல் படுத்திருந்தது.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஒரே ஒரு சந்தேகம். கயிற்றுக்கு முன்னாடி பெரிய மாலை தொங்கித்துன்னு எழுதியிருக்கீங்க. அதோட கனத்துக்கு மெஷின் ஏன் நிக்கலை?"

ஒரு வருஷமாக நான் படித்த எதிலும் அந்தக் கேள்வி இல்லை. ஆனால் அதற்கான பதில், முழு உண்மையும், என்னிடம் இருந்தது. அதைச் சொல்ல அந்த அறையில் எல்லா வசதியும் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

"மாலை கயிற்றில் இல்லை சார். மேல் சட்டத்தில் தனியாகக் கட்டியிருந்தது."

"யார் கட்டினது?"

"தொழிலாளிகள்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னை நம்பினாரா என்று இன்றுவரை தெரியாது. "சரி" என்றார். மதிப்பெண் போட்டார். தனிப் பாராட்டும் அவர் சிபாரிசுதான்.

தனி அறை கிடைத்தது. பேன் கிடைத்தது, போன் மட்டும் வரவில்லை. பாதுகாப்பு அதிகாரி என்று பலகை எழுதி மாட்டினார்கள். நான் உட்கார்ந்த முதல் மாதமே மானேஜர் அந்த அறிக்கையின் நகலோடு வந்தார்.

"சாமி, அந்த மில்காரன் ஸ்டோரில் ஜோலி கேட்கிறான். மொதலாளிக்கு இஷ்டமில்ல. இன்னைக்கு ஒருத்தனுக்குக் கொடுத்தா நாளைக்கு ஸ்டோர் நிறைய ஸ்டூல் போடணும்."

"பாவம், கொடுக்கலாமே" என்றேன். இந்த இரண்டு வார்த்தையைத்தான் பிறகு பல வருஷம் என் தரப்பு நியாயமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எங்கன கொடுக்கும்? ரிப்போர்ட் உண்டல்லோ. சாமி தன்னே எழுதினது. கவனக்குறைவு. அது மட்டுமில்ல, கயிறு வேலை செய்யலைன்னு ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் சொல்லியிருக்கான். கம்பெனிக்குச் சீத்தப்பேரு, கெட்ட பேரு."

குற்றப்பத்திரிகை கொடுத்தார்கள். உள்விசாரணை வைத்தார்கள். தொழிற்சாலையில் இரண்டு யூனியன் இருந்தன. மில்காரரை ஒவ்வொரு யூனியனும் மற்றதைச் சேர்ந்தவர் என்று சந்தேகித்தது. ஒரு யூனியனிலிருந்து துணைக்கு வந்தவர் என் அறிக்கையின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை படம் போட்டிருக்கிறதே என்று மலையாளத்தில் முணுமுணுத்தார். நிர்வாகத்தின் சாட்சி நான். தகுதி என்ன என்று கேட்டபோது சான்றிதழைக் காட்டினேன். அறிக்கையில் உள்ளபடி சொன்னேன். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விருப்பமா என்று விசாரணை அதிகாரி மில்காரரிடம் கேட்டார்.

அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். வலதுகையை மடியில் வைத்து மேல்துண்டால் மூடியிருந்தார்.

"சாமிகிட்ட கேக்க ஒண்ணும் இல்ல."

எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நார் நழுவிவிட்டது என்று நான் சொன்னதை நம்பியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு மனிதனை வேலையைவிட்டு அனுப்புகிறோம், ஆனால் அவன் மனத்தில் நம்மேல் வருத்தமில்லை. இப்படி நினைத்துக்கொண்டு அன்று கரமனைப் பாலத்தில் சைக்கிள் மிதித்தேன்.

வேலைநீக்க உத்தரவு அடுத்த வாரம் வந்தது.

அந்த விபத்தை அதன்பின் ஒவ்வொரு வருஷமும் பாதுகாப்பு வாரத்தில் புதிய தொழிலாளிகளுக்குப் பாடமாகச் சொன்னேன். கரும்பலகையில் இரண்டு வட்டம் வரைந்து, நடுவில் கை. நன்றாகவே சொல்வேன். கயிற்றைப் பற்றி வரும்போது மட்டும் குரல் ஒருமாதிரி ஆகிவிடும், அதை ஈடுபாடு என்று நினைத்துப் பாராட்டினார்கள். மில்லுக்கு மாலை போடுவதை நானே உத்தரவு போட்டு நிறுத்தினேன். பூஜை செய்வதையும் விட்டேன், பதவிக்குப் பொருத்தமில்லை என்று காரணம் சொன்னேன். அதன்பிறகு அந்த மில்லில் ஒரு விரல்கூடப் போகவில்லை. இதையும் ஒரு காலத்தில் என் கணக்கில் வரவு வைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை.

உத்தரவு வந்த சில நாளில் மில்காரர் ஒருதடவை என் அறைக்கு வந்தார். வேலையை விட்டுப் போகிறவர் ஒவ்வொரு பிரிவிலும் கையெழுத்து வாங்கவேண்டும், கம்பெனிப் பொருள் எதுவும் திருப்பித் தர பாக்கியில்லை என்று. பூட்ஸ், கத்தி இரண்டும் என் பொறுப்பு. அந்தப் படிவத்தை வடிவமைத்தவனும் நான்தான், பதவிக்கு வந்ததும் செய்த முதல் சீர்திருத்தம்.

பூட்ஸைப் பேப்பரில் சுற்றி இடதுகையில் கொண்டுவந்திருந்தார். மேஜைமேல் வைக்காமல் தரையில் வைத்தார்.

"பூட்ஸ் ஒரு ஜோடி. பாத்துக்கிடுங்க."

"சரி." எழுதினேன். அடுத்த வரிக்கு வந்தேன். பழக்கதோஷம். "கத்தி?"

"கத்தி உங்ககிட்டல்லா இருக்கு."

நான் தலை தூக்கவில்லை.

"நார அறுத்தீங்கல்லா, அப்ப எடுத்தது. திருப்பி வச்சத நான் பாக்கல்ல."

பேன் சுற்றிக்கொண்டிருந்தது. படிவத்தின் ஓரம் படபடத்தது, அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டேன். கத்தி என் டிராயரில்தான் இருந்தது. பூஜை முடிந்ததிலிருந்து அதில்தான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். அந்த அறிக்கையை எழுதிய பென்சிலையும் அதில்தான் சீவினேன்.

"விசாரணையில ஏன் கேக்கலை?" என்றேன். கேட்பதற்கு எனக்கு என்ன யோக்யதை என்று அப்போது தோன்றவில்லை.

"கேட்டு? நீங்க இல்லேன்னு சொல்லுவீங்க. எழுதினவங்க நீங்க. படமும் உங்ககிட்ட, கத்தியும் உங்ககிட்ட. எனக்கிட்ட என்ன இருக்கு, நாரா இருக்கு?" குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. "நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஆசுபத்திரிக்கு வந்தப்போ சொல்லுவீங்கன்னு நெனச்சேன். பெறகு விசாரணையில. பெரிய படிப்பு படிச்சு வந்திருக்காங்களே, சொல்லிருவாங்கன்னு நெனச்சேன்."

நான் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"எங்க ஒப்பு வைக்கணும்?"

காட்டினேன். இடதுகையால் பெயரை எழுதினார். நேரமாயிற்று. எழுத்து ஒவ்வொன்றும் தனியாக, பெரிதாக, ஆனால் தெளிவாக இருந்தது. ஸ்டோர் வேலைக்கென்று பழகியிருக்கிறார்.

அவர் எழுதி முடித்ததும் டிராயரைத் திறந்து கத்தியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். படிவத்தில் எழுதினேன்: கத்தி, ஒன்று, பெறப்பட்டது. கையெழுத்திட்டு, தேதி போட்டு, முத்திரை குத்தி அவரிடம் கொடுத்தேன், நகலை வைத்துக்கொண்டேன்.

வேலைநீக்க உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய அப்போது இன்னும் நாள் இருந்தது. எத்தனை நாள், யாருக்கு எழுதவேண்டும், என்ன இணைக்கவேண்டும், சாட்சி தன் வாக்குமூலத்தைத் திருத்திக்கொள்ள எந்த வழி என்றெல்லாம் அந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் கேட்டில் நின்று காவலாளியிடம் படிவத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். அவர் கேட்டைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்குப் போய், பஸ் வந்து, ஏறிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் படிவத்தின் நகலைக் கோப்பில் சேர்த்தேன்.